டோங்காரிரோவில் முதல் டிரவுட்: உரிமம் வாங்குவதிலிருந்து பூட்ஸ் காயவைப்பது வரை

நியூசிலாந்தின் வடத்தீவில் டவுப்போ ஏரியின் தென்கரையில் வந்து சேர்கிறது டோங்காரிரோ ஆறு. ஏரியில் தின்று கொழுத்த ரெயின்போ டிரவுட்கள் குளிர்காலத்தில் முட்டையிட இந்த ஆற்றில் ஏறும். ஒன்றரை, இரண்டு கிலோ மீன் இங்கே சாதாரணம். ஆற்றங்கரையிலேயே டூராங்கி என்ற சிற்றூர் இருக்கிறது. காரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் நடந்தால் தண்ணீரில் நிற்கலாம்.

இவ்வளவு வசதி இருந்தும் முதல்முறை வருபவர்களில் பலர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். வீசத் தெரியாததால் அல்ல. தவறான உரிமம், தவறான நாள், ஆற்றின் அடியைத் தொடாத ஃப்ளை (இறகும் முடியும் வைத்துப் பூச்சி போலக் கட்டிய முள்) ஆகிய மூன்றில் ஒன்று காலை வாரிவிடும். இந்தக் கட்டுரை அந்த மூன்றையும் சுற்றியே போகும். ஏரியில் விரால், ஜிலேபி பிடித்த அனுபவம் இருந்தால் நல்லது; ஃப்ளை ராடையே தொட்டதில்லை என்றாலும் பாதகமில்லை.

1. முதலில் மாதம்

இங்கே பருவம் தலைகீழ். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். ரெயின்போ ஏற்றம் மே வாக்கில் தொடங்கி அக்டோபர் வரை நீளும். முதல் பயணத்துக்கு ஜூலை கடைசி வாரமும் ஆகஸ்டும் பொருத்தம். ஜூலையின் முதல் இரண்டு வாரங்கள் பொதுவாகப் பள்ளி விடுமுறை. தங்க இடமும் கிடைக்காது, மடுவில் நிற்க இடமும் கிடைக்காது. செப்டம்பரில் மீன் நிறைய இருக்கும், ஆனால் முட்டையிட்டு மெலிந்து ஏரிக்குத் திரும்பும் மீன்களும் கலந்திருக்கும். அவை சண்டையும் போடாது, சுவையும் இருக்காது.

பிரவுன் டிரவுட்தான் வேண்டும் என்றால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஜனவரி, பிப்ரவரி கோடையில் சில்வண்டு போலக் கட்டிய மிதக்கும் ஃப்ளையைப் போட்டு மேல்மட்டத்தில் பிடிப்பது தனி சுகம். ஆனால் அது வேறு ராட், வேறு முறை. இங்கே குளிர்காலத்தை மட்டும் பார்ப்போம்.

குறைந்தது மூன்று இரவு ஒதுக்குங்கள். ஒரு நாளை மழைவெள்ளம் விழுங்கிவிடும் என்று எண்ணியே திட்டமிடுங்கள்.

2. நாட்டுக்குள் நுழையும் காகிதங்கள்

நியூசிலாந்திலேயே வசிப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு வருகையாளர் விசா வேண்டும். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லை; மின்னணுப் பயண அனுமதி போதும். அதற்கு 72 மணி நேரம் வரை ஆகலாம், விமான நிலையத்தில் நின்றுகொண்டு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். 2024 அக்டோபர் முதல் சுற்றுலாப் பயணிகளுக்கான தனி வரி 100 நியூசிலாந்து டாலர். விசாவோ அனுமதியோ வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள்.

புறப்படும் முன் பயணி அறிவிப்புப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளத்தில் நிரப்பிக்கொண்டிருந்தால் அது அரசுத் தளம் இல்லை என்று அர்த்தம்.

அந்தப் படிவத்தில் மீன்பிடிக் கருவிகள் பற்றிய கேள்விக்கு "ஆம்" என்று எழுதுங்கள். பயன்படுத்திய பூட்ஸ், வேடர்ஸ் (மார்பு வரை வரும் நீர்புகாக் கால்சட்டை), வலை, இறகும் முடியும் வைத்துக் கட்டிய ஃப்ளைகள் எல்லாவற்றையும் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் பார்த்துவிட்டுத் தருவார்கள். சேறு ஒட்டியிருந்தால் கழுவச் சொல்வார்கள். அறிவிக்காமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். அம்மா கட்டிக் கொடுத்த கறிவேப்பிலை, தேன் பாட்டில் இரண்டுக்கும் அதே கதிதான். அவற்றை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

பூட்ஸின் அடிப்பகுதி கம்பளித் துணி போன்ற ஃபெல்ட்டாக இருந்தால் கொண்டுவராதீர்கள். நீர்ப்பாசி பரவாமலிருக்க 2008 அக்டோபரிலிருந்து நியூசிலாந்தின் நன்னீர் மீன்பிடிப்பில் ஃபெல்ட் அடிக்குத் தடை. ரப்பர் அடி மட்டுமே.

3. உரிமம்: அதிகம் பேர் தடுக்கி விழும் இடம்

நியூசிலாந்தின் பெரும்பகுதிக்கு ஃபிஷ் அண்ட் கேம் அமைப்பு உரிமம் தருகிறது. டவுப்போ மாவட்டம் மட்டும் தனி. இங்கே 'டாக்' என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் இயற்கைவளப் பாதுகாப்புத் துறைதான் உரிமம் கொடுக்கும். ஒன்று மற்றொன்றின் எல்லைக்குள் செல்லாது. ஆக்லாந்தில் ஒரு கடையில் "நியூசிலாந்து டிரவுட் உரிமம்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு டோங்காரிரோவில் இறங்கினால், பணம் கட்டியும் உரிமம் இல்லாதவர் கணக்கில்தான் வருவீர்கள். வழியில் ரோட்டோருவா ஏரிகளிலும் தூண்டில் போடும் எண்ணம் இருந்தால் இரண்டு உரிமம் வேண்டும்.

வாங்கும் வழி எளிது. டாக் இணையதளத்தில் டவுப்போ மீன்பிடி உரிமத்தைத் தேர்ந்தெடுத்து, பெயர், பிறந்த தேதி, முகவரி கொடுத்து அட்டையில் பணம் கட்டினால் சில நிமிடத்தில் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். டூராங்கியின் மீன்பிடிக் கடைகளிலும் கிடைக்கும். ஒரு நாள், குறுகிய காலம், முழுப் பருவம் என்று வகைகள் உண்டு. மூன்று நாளுக்கு மூன்று ஒருநாள் உரிமம் வாங்குவதற்கு முன் அடுத்த வகையின் விலையைப் பாருங்கள்; பல நேரம் அதுவே மலிவு.

முழுப் பருவ உரிமம் வாங்கும் தேதியிலிருந்து ஓராண்டு என்று நினைக்காதீர்கள். பருவம் ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். ஜூன் 25-ஆம் தேதி முழுப் பருவ உரிமம் வாங்கினால் ஆறு நாள்தான் உபயோகம். கட்டணமும் ஜூலை 1-ஐ ஒட்டியே மாறும்.

உரிமம் உங்கள் பெயருக்கு மட்டும். நண்பரின் ராடை "ஒரு வீச்சு மட்டும்" என்று வாங்கி வீசுவதற்கும் உங்கள் பெயரில் உரிமம் வேண்டும். கரையில் சிக்னல் எல்லா இடத்திலும் வராது, உரிமத்தின் படத்தைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் அதிகாரிகள் எப்போதும் அடையாளம் தெரியும்படி வருவார்கள் என்று எண்ணாதீர்கள். சில நேரம் பக்கத்தில் மீன்பிடிப்பவர் போலவே வந்து நிற்கலாம்.

அதோடு வரும் விதிகளையும் ஒருமுறை வாசியுங்கள். ஒரு நாளில் எத்தனை மீன் எடுக்கலாம், எந்த நீளத்துக்குக் கீழே விட வேண்டும் என்ற எண்கள் டவுப்போவுக்கு ஒன்று, பக்கத்து மாவட்டத்துக்கு வேறொன்று. மறக்கக் கூடாதவை சில:

டோங்காரிரோவில் ஃப்ளை மட்டுமே. ஸ்பின்னர் (சுழலும் உலோகத் தூண்டில்), புழு, மாவு எதுவும் கூடாது. நரம்பில் ஈயக் குண்டு கோர்க்கக் கூடாது. எடை ஃப்ளைக்குள்ளேயே கட்டப்பட்டிருக்க வேண்டும். காலை 5 மணி முதல் நள்ளிரவு வரைதான் நேரம். குளிர்காலத்தில் ஃபென்ஸ் மடுவுக்கு மேலே ஆறு மீன்பிடிப்புக்கு மூடியிருக்கும். பிடித்த டிரவுட்டை விற்கக் கூடாது; இது நாடு முழுக்கச் சட்டம், அதனால்தான் உணவக மெனுவில் உள்ளூர் டிரவுட்டைப் பார்க்க முடியாது.

4. கருவிகள்

முதல் பயணத்துக்கே வாங்காதீர்கள். டூராங்கிக் கடைகளில் ராட், ரீல், வேடர்ஸ், பூட்ஸ் எல்லாம் நாள் வாடகைக்குத் தருகிறார்கள். பூட்ஸ் அளவை மட்டும் ஒரு எண் பெரிதாகக் கேளுங்கள். உள்ளே இரண்டு ஜோடி காலுறை போடும் குளிர் அது.

கேட்க வேண்டியது: 9 அடி நீளம், 7 அல்லது 8 எண் ராட், அதற்கேற்ற மிதக்கும் ஃப்ளை லைன். 5 எண் ராட் அழகாக இருக்கும், ஆனால் இங்கே போடும் கனமான ஃப்ளையைத் தூக்காது.

சில்லறைச் சாமான்களைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள்:

ஃப்ளை லைனின் முனையில் கட்டும் மெல்லிய நரம்பான லீடர், 9 அடியில் இரண்டு. ஃப்ளையைக் கட்டும் கடைசித் துண்டு நரம்பான டிப்பெட், 6 முதல் 8 பவுண்டு ஃப்ளோரோகார்பனில் ஒரு சுருள். மிதவைக்கான கம்பளி நூல், அதில் தடவும் மெழுகு. முள் எடுக்கும் இடுக்கி, நகவெட்டி. தண்ணீரின் பளபளப்பை வெட்டும் கருப்புக் கண்ணாடி, விளிம்புத் தொப்பி. இந்தக் கடைசி இரண்டும் அலங்காரம் இல்லை. டங்ஸ்டன் குண்டு கட்டிய ஃப்ளை காதை உரசிப் பறக்கும்.

ஃப்ளைகளில், ஊர்க்காரர்கள் 'பாம்' என்றே சொல்லும் கனமான நிம்ஃப் (நீருக்கடியில் வாழும் இளம்பூச்சி போலக் கட்டிய ஃப்ளை) ஆறு. மீன் முட்டை போன்ற குளோ பக் பீச், ஆரஞ்சு நிறங்களில் ஆறு. ஹேர் அண்ட் காப்பர், ஃபெசன்ட் டெயில் போன்ற சிறிய நிம்ஃப் 12, 14 எண்ணில் ஆறு. இதற்கு மேல் வாங்கவே வேண்டாம். ஒரு நாளில் நாலைந்து ஃப்ளை பாறைக்குப் போகும், அதுவும் கணக்கில் இருக்கட்டும்.

5. பணம் எங்கே போகும்

ஆக்லாந்திலிருந்து டூராங்கி சுமார் 330 கிலோமீட்டர், காரில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஆங்கிலத்தில் அச்சான இந்திய ஓட்டுநர் உரிமம் வருகையாளருக்குப் போதும். வண்டி இங்கேயும் இடப்பக்கம்தான். பேருந்திலும் வரலாம், ஆனால் மடுவுக்கு மடு மாற கார் இல்லாமல் கஷ்டம். வெலிங்டன் பக்கமிருந்து வருபவர்கள் டூராங்கிக்குத் தெற்கே உள்ள டெசர்ட் ரோடு பனியால் மூடப்படுகிறதா என்று புறப்படும் காலையில் பாருங்கள்.

பெரிய செலவு வழிகாட்டிதான். ஒரு முழு நாளுக்குப் பல நூறு டாலர் ஆகும். மூன்று நாளுக்கும் வேண்டாம், முதல் நாள் அரை நாளுக்கு மட்டும் அமர்த்துங்கள். ஒரு அரை நாளில் அவர் காட்டிக் கொடுக்கும் மடுக்களிலேயே மீதி இரண்டு நாளை ஓட்டிவிடலாம். டவுப்போ மாவட்டத்தில் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்ட டாக் அனுமதி வேண்டும். அனுமதி இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

தங்குமிடத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஈர வேடர்ஸ் காயவைக்க அறை உண்டா, மீன் வைக்க உறைபெட்டி உண்டா.

6. ஆறு இன்று எப்படி இருக்கிறது

டோங்காரிரோவின் நீரை மேலே மின்நிலையங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே மழை இல்லாத நாளில் மட்டம் சீராக இருக்கும், மழை வந்தால் திடீரென்று ஏறும். நீரோட்ட அளவு இணையத்தில் அன்றன்றைக்குக் கிடைக்கிறது, கியூமெக் கணக்கில். நம் ஊர் அணைச் செய்திகளில் வரும் கன அடியோடு ஒப்பிட வேண்டுமானால், ஒரு கியூமெக் என்பது விநாடிக்கு சுமார் 35 கன அடி.

20 முதல் 30 கியூமெக், அதாவது 700 முதல் 1,050 கன அடி வரை இருந்தால் புதியவர் இறங்கலாம். 40-ஐத் தாண்டினால் ஆற்றைக் குறுக்கே கடக்கும் எண்ணத்தையே விடுங்கள். கரையோரம் நின்று வீசலாம். தண்ணீர் பால் காப்பி நிறத்தில் மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு போனால் கடையில் உட்கார்ந்து நிஜக் காப்பி குடியுங்கள்.

புதியவர்கள் மழை விட்டு வெயில் அடிக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். மீன் ஏரியிலிருந்து ஏறுவது மழைநீர் வரும்போதுதான். வெள்ளம் வடியத் தொடங்கி, முழங்காலளவு தண்ணீரில் பூட்ஸின் நுனி மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும் அந்த நாள்தான் பொன்னான நாள். பத்து நாள் மழையில்லாமல் தெளிந்து கிடக்கும் ஆறு பார்க்க அழகு, பிடிக்கக் கடினம்.

7. நரம்பு கட்டும் வரிசை

இதை முதல் நாள் இரவு அறையில், வெளிச்சத்தில் செய்து பழகுங்கள். விடியற்காலையில் உறைபனியில் விரல் மரத்துப்போன பின் முடிச்சு வராது.

ஃப்ளை லைன் முனையில் 9 அடி லீடர். லைனும் லீடரும் சேரும் இடத்தில் சிறு வளையம் போட்டு, சுண்டுவிரல் நீளத்துக்குக் கம்பளி நூலைச் செருகி இறுக்குங்கள். அதுதான் தக்கை. மெழுகு தடவாவிட்டால் அரை மணியில் நனைந்து மூழ்கிவிடும்.

லீடர் நுனியில் பாம். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த நரம்பு உரசிச் சூடேறிப் பலம் போய்விடும். அடுத்து, 40 முதல் 50 சென்டிமீட்டர் டிப்பெட்டை எடுத்து, ஒரு நுனியைப் பாமின் முள் வளைவிலேயே கட்டுங்கள். மறுநுனியில் குளோ பக்கோ சிறிய நிம்ஃப்போ. கனமானது முன்னே போய் அடியைத் தேடும், இலேசானது பின்னால் மீன் மட்டத்தில் ஆடும். பெரும்பாலும் மீன் கடிப்பது பின்னதைத்தான்.

இரண்டு முள்ளின் நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியையும் இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவது எளிது; உங்கள் காதிலிருந்து எடுப்பதும் எளிது.

8. மடுவில் இறங்குவது

புதியவருக்கு ஏற்றவை ஊரையொட்டிய மடுக்கள். மேஜர் ஜோன்ஸ் நடைபாலத்தின் அருகே ஒன்று, நெடுஞ்சாலைப் பாலத்தின் கீழே பிரிட்ஜ் மடு, கொஞ்சம் மேலே ஹைட்ரோ மடு. அதற்கும் மேலே ரெட் ஹட் நடைபாலம். இரு கரையிலும் நடைபாதை உண்டு.

ஏற்கெனவே ஆள் நின்றால் எங்கே நுழைவது என்பதற்கு எழுதாத சட்டம் உண்டு. நிம்ஃப் போடுபவர்கள் நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி நகர்வார்கள். நீங்கள் அவருக்குக் கீழே, பின்னால் இறங்க வேண்டும். நீரோட்டத்தோடு இழுத்துப் பிடிப்பவர்கள் கீழ்நோக்கி நகர்வார்கள். அவருக்கு மேலே இறங்க வேண்டும். எதுவென்று தெரியாவிட்டால் கரையிலிருந்தே கேளுங்கள். ஒருவர் நகரும் திசையில் அவருக்கு முன்னால் போய் இறங்குவதுதான் இங்கே மிகப் பெரிய மரியாதைக் குறைவு. ஒரே இடத்தில் வேரூன்றி நிற்பது அதற்கு அடுத்தது. நாலு வீச்சுக்கு ஓர் அடி நகருங்கள்.

ஆற்றின் அடி முழுக்க உருண்டைக் கற்கள். வேடர்ஸின் மேல் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டாமல் இறங்காதீர்கள்; விழுந்தால் உள்ளே தண்ணீர் நிரம்புவதைத் தடுப்பது அந்தப் பட்டைதான். ஒரு கோல், ஒரு நேரத்தில் ஒரு கால். தொடைக்கு மேல் இறங்க வேண்டிய தேவையே இல்லை. மீன் பல நேரம் நீங்கள் இறங்கி நிற்கும் இடத்திலேயே இருந்திருக்கும். ஆகவே காலை நனைக்கும் முன் கரையோரத்தில் நாலு வீச்சு.

9. வீச்சும் ஓட்டமும்

கனமான இரண்டு ஃப்ளையோடு தலைக்கு மேல் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தால் சிக்கல்தான் மிஞ்சும். லைனை நீரோட்டம் கீழே இழுத்து நேராக்கட்டும். அந்த இழுவிசையைப் பிடித்துக்கொண்டு ஒரே வீச்சில் மேல்நோக்கிப் போடுங்கள். பத்து மீட்டர் போதும். அந்தக் கரை வரை வீச வேண்டியதில்லை.

விழுந்த உடனே ராட் நுனியால் லைனை மேல்நோக்கித் தூக்கிப் புரட்டுங்கள். நடு ஆற்றின் வேகம் லைனின் நடுப்பகுதியை முந்திக்கொண்டு இழுத்தால் ஃப்ளையும் பிடுங்கிக்கொண்டு ஓடும். மீன் அதைத் திரும்பியும் பார்க்காது. தக்கை, மேலே மிதந்து வரும் நுரையைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போனால் சரியான ஆழத்தில் இருக்கிறீர்கள். அடிநீர் மேல்நீரைவிட மெதுவாக ஓடுவதே காரணம்.

பத்து வீச்சில் ஒருமுறைகூட ஃப்ளை கல்லில் தட்டவில்லையா? ஆழம் போதவில்லை. லீடரை ஓரடி நீட்டுங்கள், அல்லது இன்னும் கனமான பாம் கட்டுங்கள். ஃப்ளையின் நிறத்தை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட இது எத்தனையோ மடங்கு பலன் தரும். ஒவ்வொரு வீச்சிலும் சிக்கினால் நேர்மாறாகச் செய்யுங்கள்.

தக்கை மூழ்கினால், நின்றால், பக்கவாட்டில் நழுவினால் ராடைத் தூக்குங்கள். கல்லா மீனா என்று யோசிக்கும் நேரத்தில் மீன் துப்பிவிடும்.

10. மீன் மாட்டிய பிறகு

முதல் பாய்ச்சலில் பிடித்து நிறுத்த முயலாதீர்கள், 6 பவுண்டு நரம்பு அறுந்துவிடும். ராடை உயர்த்திப் பிடித்து ரீல் ஓடட்டும். மீன் தண்ணீருக்கு மேல் குதிக்கும்போது மட்டும் ராடைச் சற்றுத் தாழ்த்துங்கள். மீனுக்கு நேரே இருக்கும்படி கரையோரமாகக் கீழே நடங்கள். அது கீழே, நீங்கள் மேலே என்றால் நீரோட்டத்தின் பலமும் அதற்குச் சேரும்.

வெள்ளி போல் மின்னி, வயிறு தடித்திருந்தால் புதிதாக ஏறிய மீன். கறுத்து, தலை பெரிதாகவும் உடல் ஒட்டியும் இருந்தால் முட்டையிட்டு முடித்தது, விட்டுவிடுங்கள். வாயில் அல்லாமல் வாலிலோ வயிற்றிலோ முள் குத்தி வந்த மீனையும் விட வேண்டும், அது விதி.

விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீரைவிட்டுத் தூக்காமல் முள்ளைக் கழற்றுங்கள். தலை நீரோட்டத்தைப் பார்த்திருக்கும்படி தாங்கிப் பிடியுங்கள், அதுவே கையை உதறிக்கொண்டு போகும். மணலிலும் கல்லிலும் புரட்டிப் படம் எடுத்த மீன் நீந்திப் போனாலும் பிழைப்பது சந்தேகம்.

எடுப்பதாக இருந்தால் மூக்கு நுனியிலிருந்து வாலின் கவட்டை வரை அளந்து பாருங்கள், வால் நுனி வரை அல்ல. தலையில் ஒரே அடி, உடனே செவுளை வெட்டி இரத்தத்தை வடித்துவிடுங்கள். குடலை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். ஆரஞ்சு நிறச் சதை, எண்ணெய் அதிகம். குழம்பைவிட மஞ்சள், மிளகாய்த்தூள் தடவிப் பொரிப்பதற்கும் புகைபோடுவதற்கும்தான் ஏற்றது.

11. கிளம்பும் முன்

வேறு ஆற்றுக்கோ ஏரிக்கோ போவதாக இருந்தால் பூட்ஸ், வேடர்ஸ், வலை மூன்றிலும் ஒட்டிய பாசி, மண்ணைக் கரையிலேயே உதறிவிட்டு, அறையில் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். தொட்டால் ஈரமில்லை என்ற நிலை வந்த பிறகு மேலும் 48 மணி நேரம் உலரவிட வேண்டும். வாடகைக் கருவி என்றால் கடையில் கொடுத்துவிட்டு இந்தத் தொல்லையிலிருந்து தப்பலாம். சொந்தக் கருவி என்றால் மூன்றாம் நாள் மாலையே கழுவித் தொங்கவிடுங்கள். பூட்ஸின் கயிறும் உள்பட்டையும்தான் கடைசியாகக் காயும். கயிற்றை முழுக்க உருவி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, ஹீட்டரிலிருந்து ஒரு கை தூரத்தில் வையுங்கள்; ஒட்டி வைத்தால் அடிப்பசை விட்டுவிடும்.